தொண்டை கட்டிய பிள்ளைகள்: ஒரு பழைய கேள்வியும் அதன் விடைகளும்

மாதக்கணக்கில் குரல் கரகரத்துக் கிடக்கிற ஒரு பிள்ளைக்கு அதனால் என்ன நஷ்டம்? வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சோறு இறங்குகிறது, பள்ளிக்கூடம் போய்வருகிறது. கொல்கத்தாவானாலும் கோயம்புத்தூரானாலும், இப்படிப்பட்ட பிள்ளையைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போகிற பெற்றோர் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: வளர்ந்தால் சரியாகிவிடுமா?

'ஆகிவிடும்' என்பதே நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த விடை. கடந்த முப்பது ஆண்டுகளில் கேள்வியே இடம் மாறியிருக்கிறது. குரல் எப்போது தெளியும் என்பதோடு, தெளியும்வரை அந்தப் பிள்ளை வகுப்பிலும் விளையாட்டிலும் வீட்டிலும் எப்படி வாழ்கிறது என்றும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த இரண்டாம் கேள்விக்கு இதுவரை வந்த விடைகளையும், அவை எங்கே பலமாக நிற்கின்றன, எங்கே ஆட்டம் காண்கின்றன என்பதையும் இங்கே பார்க்கலாம்.

கொல்கத்தாவை வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகளின் குரலுக்கு இவ்வளவு வேலை கொடுக்கும் நகரங்கள் நம் நாட்டில் அதிகம் இல்லை. ரவீந்திர சங்கீத வகுப்பும், 'ஆபிருத்தி' எனப்படும் கவிதை ஒப்புவித்தலும் அங்கே நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்ட டியூஷன் மாதிரி. நம் சித்திரையின் பிற்பகுதியில் வரும் அவர்களுடைய பொய்ஷாக் 25ஆம் நாள், ரவீந்திரநாத் தாகூரின் பிறந்தநாள். அன்றைக்குப் பேட்டைக்குப் பேட்டை மேடை. மேடைக்கு மேடை பிள்ளைகள். அதே நகரம் பேருந்து ஹாரனுக்கும் பூஜைப் பந்தல் ஒலிபெருக்கிக்கும் பேர்போனது. குரலுக்கு மதிப்பும் குரலுக்குச் சோதனையும் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன.

குரல்வளைக்குள் நடப்பது

பிறந்த குழந்தையின் குரல்நாண் ஏறத்தாழ 2.5 முதல் 3 மில்லிமீட்டர் நீளம். வளர்ந்த பெண்ணுக்கு அது 11 முதல் 15 வரையும், ஆணுக்கு 17 முதல் 21 மில்லிமீட்டர் வரையும் இருக்கும். நீளம் மட்டும் வேறல்ல, உள்ளமைப்பும் வேறு. ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ 1970களில் விளக்கிக் காட்டிய அடுக்கடுக்கான அமைப்பு பிறக்கும்போது இருப்பதில்லை. அது வளர வளரப் பிரிந்து, பதின்பருவத்தில்தான் முழுமை பெறுகிறது. பள்ளிப் பிள்ளை சாதாரணமாகப் பேசும்போது அந்தச் சிறிய நாண்கள் நொடிக்குச் சுமார் 250 முதல் 300 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. வளர்ந்த ஆணுக்கு இது 120 அளவில்தான். கத்தினால் எண்ணிக்கையும் கூடும், அடியின் பலமும் கூடும்.

ஓயாத மோதலில், நாணின் முன் மூன்றிலொரு பங்கு முடியும் இடத்தில் இரு பக்கமும் சதை தடிக்கிறது. மண்வெட்டி பிடிக்கும் கையில் விழும் காய்ப்பு மாதிரி என்று சொன்னால் பெற்றோருக்குச் சட்டென்று புரியும். இதுதான் குரல்நாண் முடிச்சு. பள்ளி வயதுப் பிள்ளைகளின் நீடித்த குரல் கம்மலுக்கு மிகப் பரவலான காரணம் இதுவே. பெரியவர்களில் பெண்களிடம் அதிகம் காணப்படும் இந்த முடிச்சு, பிள்ளைகளில் பையன்களிடம் அதிகம். ஒவ்வாமை, ஆஸ்துமா, ஓயாத சளி இருமல், காது சரியாகக் கேளாமை ஆகியவை இதைத் தூண்டவோ வளர்க்கவோ செய்யலாம். வயிற்று அமிலம் மேலேறி வருவதும் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. அதன் பங்கு எவ்வளவு என்பதில் மருத்துவர்களுக்குள் உடன்பாடு இல்லை.

முடிச்சு மட்டும்தான் குரல் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது. பிறவியிலேயே குரல்வளையில் சவ்வு இருக்கலாம், கட்டி இருக்கலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இதயத்தருகே மூடாமல் நிற்கும் இரத்தக்குழாயைக் கட்டும் அறுவையில், பக்கத்திலேயே செல்லும் நரம்பு பாதிக்கப்பட்டு இடது குரல்நாண் செயலிழக்கலாம். நெடுநாள் சுவாசக்குழாய் வைத்திருந்ததால் மூச்சுப்பாதை சுருங்கலாம். மனிதப் பாப்பிலோமா வைரஸின் 6, 11 ஆம் வகைகள் உண்டாக்கும் மருக்களோ குரலை அடைப்பதோடு நிற்பதில்லை, மூச்சையே அடைக்கும். வெட்டி எடுத்தாலும் திரும்பத் திரும்ப வளரும். சில பிள்ளைகளின் பால்யமே அறுவை அரங்குக்கும் வீட்டுக்குமாகக் கழிந்துவிடுகிறது. இவர்களுடைய வாழ்க்கைத் தரம் பாதிக்கப்படுகிறது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. சர்ச்சையெல்லாம் எண்ணிக்கையில் பெரிய கூட்டமான முடிச்சுப் பிள்ளைகளைப் பற்றித்தான்.

தானாகப் போய்விடும் என்ற விடை

பாட்டு ஆசிரியர் மானுவல் கார்சியா கண்ணாடியும் வெயிலும் கொண்டு தன் குரல்வளையைத் தானே பார்த்ததை 1855இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தெரிவித்தார். அதன்பின் பெரியவர்களின் குரல்நாண் மருத்துவர் கண்ணுக்கு எட்டியது. பிள்ளைகளுடையது எட்டவில்லை. தொண்டைக்குள் கண்ணாடி வைத்தால் எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்? மூக்கு வழியாகச் செல்லும் வளையும் நுண்குழாய் வந்த பிறகே அவர்களை விழித்திருக்கும் நிலையில் சோதிப்பது எளிதாயிற்று. ஆகவே 'தானாகப் போய்விடும்' என்ற விடை வெகுகாலம் பார்க்காமலே சொல்லப்பட்ட விடை. அது பல பிள்ளைகளிடம் பலித்தும் வந்ததால் யாரும் எதிர்க்கவில்லை. அதிமதுரம், பனங்கற்கண்டு, மிளகுப்பால் என்று நம் வீடுகளிலும், துளசி, இஞ்சி, ஜஷ்டிமது என்று வங்காள வீடுகளிலும் காத்திருக்கும் காலத்தை நிரப்பப் பண்டங்கள் இருந்தன. ஜஷ்டிமது என்பதும் நம் அதிமதுரம்தான்.

இந்த நிலைப்பாட்டை மிகக் கூர்மையாக வாதிட்டவர் அமெரிக்கப் பேச்சியல் அறிஞர் எரிக் சாண்டர். பள்ளிகளில் குரல் கம்மிய பிள்ளைகளைத் தேடிப் பிடித்துச் சிகிச்சைக்கு அனுப்புவதற்கு எதிராக 1989இல் அவர் எழுதிய கட்டுரை அந்தத் துறையைச் சீண்டியது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தற்காலிகமானது. சிகிச்சை பலன் தருகிறது என்பதற்குச் சான்று போதாது. குரல் கம்மலால் பிள்ளைக்குத் தீங்கு என்பதும் நிறுவப்படவில்லை. அப்படியிருக்க, இருக்கிற பயிற்சியாளர்களை இதில் ஏன் செலவழிக்க வேண்டும்? அவர் வாதத்தின் சாரம் இது. அதே இதழில் ஜோயல் கஹேனும் ராபர்ட் மேயோவும் எதிர்வாதம் வைத்தார்கள். பிள்ளையின் குரலை நலமாக வைத்திருப்பதே ஒரு தேவை. பின்னால் வரும் கெடுதலுக்குக் காத்திருப்பது முறையல்ல என்றார்கள்.

சாண்டரின் பக்கம் ஒரு நேர்மை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அவர் கேட்ட சான்று உண்மையிலேயே கையில் இல்லை. ஆனால் அவர் வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு: தீங்கு நிறுவப்படவில்லை என்பது, தீங்கை யாரும் அளந்து பார்க்கவில்லை என்பதால் வந்த முடிவு.

தானாகப் போகிறதா என்பதற்கு ஓரளவு விடை 2007இல் பெல்ஜியத்திலிருந்து வந்தது. சிறுவயதில் முடிச்சு கண்டறியப்பட்ட 91 பேரைக் குரல் மாற்றப் பருவம் தாண்டியபின் மார்க் டி போட்டும் குழுவினரும் மறுபடி சோதித்தார்கள். பையன்களில் 8 விழுக்காட்டினருக்கே குரல் தொல்லை நீடித்தது. பெண்களிலோ 37 விழுக்காடு. பருவ வயதில் பையனின் குரல்வளை வேகமாக வளர்ந்து நாணின் அளவும் வேலையும் மாறிப்போவது காரணமாக இருக்கலாம். ஆக, 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்பது பையன்களைப் பார்த்துச் சொல்லப்பட்ட உண்மை. பெண் குழந்தைகளுக்கும் சேர்த்து அதைச் சொன்னது தவறு. பையன்களுக்குமே, ஏழு வயதில் தொடங்கி பதினான்கில் தெளிகிற குரல் என்றால் இடையில் ஏழு வருடப் பள்ளிப் படிப்பு போகிறது.

வாழ்க்கைத் தரத்தை அளக்கும் முயற்சி

உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட செயல்திறன், இயலாமை பற்றிய வகைப்பாடும், 2007இல் வந்த அதன் குழந்தைகள், இளையோர் பதிப்பும் ஒரு திருப்பம். உறுப்பில் உள்ள கோளாறு ஒன்று. அதனால் செய்ய முடியாமல் போகும் செயல் வேறொன்று. அதனால் கலந்துகொள்ள முடியாமல் போகும் வாழ்க்கை மூன்றாவது. மூன்றும் ஒரே அளவில் ஏறி இறங்குவதில்லை. முடிச்சு சிறிதாக இருந்தும் பிள்ளை வாயே திறக்காமல் போகலாம். பெரிதாக இருந்தும் தெரு முழுக்கக் கத்திக்கொண்டு திரியலாம்.

கருவிகளோ முதலில் பெரியவர்களுக்காகத்தான் செய்யப்பட்டன. 30 கேள்விகள் கொண்ட குரல் இயலாமைக் குறியீடு 1997இலும், 10 கேள்விகள் கொண்ட குரல்சார் வாழ்க்கைத் தர அளவை 1999இலும் வந்தன. இவற்றைப் பிள்ளைகளுக்கேற்ப மாற்றியவை 2006, 2007 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் வெளியாயின. 2006இல் வந்தது 10 கேள்வி. 2007இல் கேரன் ஸூர் குழுவினர் வெளியிட்டது 23 கேள்வி. இரண்டிலும் விடை சொல்பவர் பெற்றோர். பிள்ளையின் சார்பாகத் தாயோ தகப்பனோ நிரப்புகிறார்.

இந்தத் துறையின் பெரிய பலவீனம் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பிள்ளை வெட்கப்படுகிறதா, பேச்சைத் தவிர்க்கிறதா என்று பெற்றோரைக் கேட்கிறோம். வீட்டில் நாள் முழுக்கப் பேசுகிற பிள்ளை, வகுப்பில் கை தூக்காமல் உட்கார்ந்திருப்பதைத் தாய் எப்படி அறிவாள்? எதிர்த்திசையிலும் பிழை நேரலாம். மருத்துவமனை வரை வந்துவிட்ட பெற்றோர் ஏற்கெனவே கவலைப்பட்டவர்கள். அந்தக் கவலை பிள்ளையின் மதிப்பெண்ணாகப் பதிவாகிவிடும். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் வைத்து எடுத்த கணக்கு பாதிப்பைக் கூட்டிக் காட்டும் என்ற ஐயமும் இதனால்தான்.

இதைத் தாண்ட முயன்ற ஆய்வுகளில் முக்கியமானது 2008இல் அமெரிக்காவில் நாடின் கானர் குழுவினர் செய்தது. நீடித்த குரல் கம்மல் உள்ள 40 பிள்ளைகளை, இரண்டு வயது மழலை முதல் பதின்பருவத்தினர் வரை, அவர்கள் பெற்றோரோடு நேர்காணல் செய்தார்கள். மூச்சு பிடிப்பதில்லை, பேசினால் களைப்பு என்ற உடல் தொல்லைகளோடு, எரிச்சலும் வருத்தமும் கூச்சமும் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதும் பிள்ளைகளின் வாயிலிருந்தே வந்தன. வயதுக்கு வயது குறை மாறியது. சிறு பிள்ளைகளைப் பற்றி 'ஒன்றும் தெரியாது' என்ற நம் நினைப்பு முழுவதும் சரியல்ல என்பது தெளிவாயிற்று. பிள்ளையே நிரப்பும் பத்துக் கேள்விப் படிவம் ஒன்று 2013இல் இத்தாலியிலிருந்து வந்தது. ஆனாலும் இன்றும் உலகெங்கும் அதிகம் புழங்குவது பெற்றோர் படிவங்கள்தான்.

கேட்பவர் காதில் இருக்கும் பாதிப்பு

மற்றொரு ஆய்வு மரபு பிள்ளையை விட்டுவிட்டு, கேட்பவரைச் சோதித்தது. 1980களின் கடைசியில் ருசெல்லோ, லாஸ் முதலியோர் குரல் தெளிவான பிள்ளைகளின் பேச்சையும் கம்மிய பிள்ளைகளின் பேச்சையும் பதிவுசெய்து, முகம் காட்டாமல் கேட்கவைத்து, குணத்தை மதிப்பிடச் சொன்னார்கள். கம்மிய குரலுக்குக் குறைந்த மதிப்பெண்களே விழுந்தன. பதின்பருவத்தினரை வைத்துச் செய்தபோதும் அப்படித்தான். கன்டனீஸ் பேசும் ஹாங்காங்கில் 2013இல் வெளியான ஆய்வும் இதே திசையைக் காட்டியது. மொழி மாறியும் மனச்சாய்வு மாறவில்லை.

பதிவை ஒரு தடவை கேட்டு மதிப்பெண் போடுவதும், அதே பிள்ளையோடு ஒரு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதும் ஒன்றல்ல. பழகினால் குரல் காதில் உறுத்தாமல் போகலாம். பட்டப்பெயராக ஒட்டிக்கொள்ளவும் செய்யலாம். ஒரு வகுப்பைத் தொடர்ந்து கவனித்துச் சொன்னால்தான் தெரியும். அப்படிப்பட்ட ஆய்வு அரிது.

எத்தனை பிள்ளைகளுக்கு இந்தக் கோளாறு என்ற கணக்கிலும் காதின் வேறுபாடு புகுந்துவிடுகிறது. பிரிட்டனில் ஏவன் வட்டாரத்தில் எட்டு வயதுப் பிள்ளைகள் 7,389 பேரைச் சோதித்த பெரிய ஆய்வு 2006இல் வந்தது. பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் கேட்டுச் சொன்ன கணக்கு 6 விழுக்காடு. அதே பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் சொன்னது 11 விழுக்காடு. ஆஸ்துமா, அடிக்கடி வரும் சளித் தொற்று, பையனாக இருப்பது, வீட்டில் அண்ணன் அக்கா இருப்பது ஆகியவை குரல் கம்மலோடு சேர்ந்து காணப்பட்டன. பெரிய பிள்ளைகளை மிஞ்சிப் பேச வேண்டிய கடைக்குட்டியின் நிலைமை எந்த ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

கொல்கத்தாவின் இரைச்சல்

சுற்றிலும் சத்தம் கூடினால் பேசுபவர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார். பிரெஞ்சு மருத்துவர் எட்டியென் லோம்பார் 1911இல் இதைக் காட்டினார். இந்தச் சின்ன உண்மையை வைத்துக் கொல்கத்தாவைப் பார்த்தால், ஐரோப்பிய, அமெரிக்கப் படிவங்கள் அங்கே எதை அளக்கும் என்ற கேள்வி எழுகிறது.

இரைச்சலுக்கு எதிரான இந்தியச் சட்டப் போராட்டத்தில் இந்த நகரத்துக்குப் பெரிய இடம் உண்டு. 1996இல் ஓம் பிராங்கனா வழக்கில் கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் நீதிபதி பகவதி பிரசாத் பானர்ஜி ஒலிபெருக்கிக்குக் கடிவாளம் போட்டார்; பேசும் உரிமை, பிறரைக் கேட்கக் கட்டாயப்படுத்தும் உரிமையாகாது என்பது அவர் நிலை. நாடு முழுமைக்குமான ஒலி மாசு விதிகள் 2000இல் வந்தன. சென்னை கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு தந்த தீர்ப்பும் இந்த வரிசையில் சேரும். பட்டாசுக்கு நாட்டிலேயே கடுமையான 90 டெசிபல் வரம்பை வைத்திருந்த மேற்கு வங்கம், 2023இல் அதைத் தேசிய அளவான 125 டெசிபலுக்கு உயர்த்தியது.

பள்ளிக்கூடத்தைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி வளையம். அங்கே பகலில் 50 டெசிபலுக்கு மேல் கூடாது என்பது விதி. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வகுப்பறைக்குள் பரிந்துரைத்த பின்னணி இரைச்சல் 35 டெசிபல். முன்னது வெளியே, பின்னது உள்ளே. நேராக ஒப்பிட முடியாதுதான். ஆனால் வெயிலுக்காக ஜன்னலைத் திறந்து வைத்து, மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டிருக்கும் வகுப்பில் வெளிச்சத்தம் உள்ளே வராமல் எங்கே போகும்?

பிள்ளைகளுக்கான பத்துக் கேள்விப் படிவத்தில் ஒன்று, சத்தமான இடத்தில் பிள்ளை உரக்கப் பேசிக் கேட்கவைக்கச் சிரமப்படுகிறதா என்பது. இன்னொன்று, பேச்சைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறதா என்பது. ராஷ்பிஹாரி அவென்யூவில் பேருந்து ஓடும் பக்கம் ஜன்னல் வைத்த வகுப்பறையில் எந்தப் பிள்ளை திரும்பச் சொல்லாமல் தப்பும்? குரல் நன்றாக உள்ள பிள்ளையின் மதிப்பெண்ணும் அங்கே சரியலாம். ஒப்பிட ஆரோக்கியமான பிள்ளைகளின் உள்ளூர்க் கணக்கு கையில் இல்லாவிட்டால், கருவி பிள்ளையை அளக்கிறதா அறையை அளக்கிறதா என்று சொல்ல முடியாது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. வாய்ப்பாட்டையும் பாடத்தையும் எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்வது நம் தொடக்கப் பள்ளிகளின் வழக்கம். வங்காளத்திலும் 'நாம்தா' என்று வாய்ப்பாட்டை அப்படித்தான் ஒப்பிக்கிறார்கள். அந்தக் கூட்டுக் குரலுக்குள் கம்மிய குரல் ஒளிந்துகொள்ள முடியும். ஆசிரியர் காதில் அது தனியாக விழ வாய்ப்பே இல்லை. அதனால் அந்தப் பிள்ளை வகுப்பில் எதையும் இழக்காமல் இருக்கலாம். வெளியே தெரிய வருவது மேடையில் தனியாக நிற்கும்போதுதான். ஆபிருத்திப் போட்டியில் பெயர் கொடுக்க வேண்டாம் என்று சொல்லப்படும் பிள்ளைக்கும், பாட்டு வகுப்பில் பின்வரிசைக்குப் போகச் சொல்லப்படும் பெண்ணுக்கும் நேரும் இழப்பை எந்த அயல்நாட்டுப் படிவமும் கேட்பதில்லை. ஏனென்றால் அந்தப் படிவத்தை எழுதியவர்கள் ஊரில் அது பிள்ளைப் பருவத்தின் சாதாரணப் பகுதி அல்ல. லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலும் பாட்டுக் கிளாஸ் உண்டு என்பதால் இது வங்காளிகளின் கதை மட்டும் என்று தள்ளிவிடவும் முடியாது.

அரசின் பட்டியலில் குரல்

காது கேளாத பிள்ளைகளுக்காகக் கொல்கத்தாவில் பள்ளி தொடங்கப்பட்டது 1893இல். அந்த மரபு பெரியது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட அலி யாவர் ஜங் தேசிய பேச்சு, கேட்டல் நிறுவனத்தின் கிழக்கு மண்டல மையமும் பி.டி. ரோட்டில் பன்ஹூக்ளியில் இயங்குகிறது. பேச்சியல், செவியியல் பட்டதாரிகளை உருவாக்குகிறது. 1956இல் தொடங்கிய குழந்தைநல நிறுவனமும் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையும் அதே நகரத்தில் உள்ளன. ஆள் இல்லை, இடம் இல்லை என்று சொல்ல முடியாது. குரலுக்கு வரிசையில் இடம் இல்லை என்பதுதான் உண்மை நிலை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. அதில் பேச்சு, மொழி இயலாமையும் உண்டு. ஆனால் அதன் விளக்கம், குரல்வளை அகற்றப்படுதல், மூளைப் பாதிப்பால் பேச்சிழத்தல் போன்ற உடல் அல்லது நரம்புக் காரணங்களால் வரும் நிரந்தர இயலாமை என்கிறது. முடிச்சு விழுந்த பிள்ளை நிரந்தரம் என்ற சொல்லிலேயே வெளியே நின்றுவிடுகிறது. 2013இல் தொடங்கிய தேசிய பால சுகாதாரத் திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிள்ளைகளைச் சோதிக்கிறது. காது கேளாமை, காதில் சீழ், உதட்டுப் பிளவு, மொழி வளர்ச்சித் தாமதம் எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. குரல் கம்மல் இல்லை.

இந்த விடுபடலை அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இரத்தசோகையும் இதயக் குறையும் வரிசையில் நிற்கும் நாட்டில் முன்னுரிமை வகுத்தே ஆக வேண்டும். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கம்மிய குரலுக்குப் பின்னால் சில வேளை மருவும் மூச்சடைப்பும் இருக்கின்றன. ஆஸ்துமா என்று எண்ணி மருந்து கொடுத்துக்கொண்டே போய், கடைசியில் குரல்வளை மரு என்று தெரியவந்த பிள்ளைகள் மருத்துவ இலக்கியத்தில் புதியவர்கள் அல்லர்.

சிகிச்சை வாழ்க்கையை மாற்றுமா

சாண்டர் கேட்ட சான்றுக்கு இன்று என்ன பதில்? குரல்நாண் முடிச்சுக்கு அறுவையா, அறுவையில்லா வழியா என்று காக்ரேன் அமைப்பு 2001இல் அலசியபோது, சேர்த்துக்கொள்ளத் தகுந்த ஒரு பரிசோதனைகூடக் கிடைக்கவில்லை. 2012 மறுபார்வையிலும் நிலை மாறவில்லை. நடைமுறையில் பிள்ளைகளுக்கு அறுவையைத் தவிர்க்கவே பெரும்பாலான மருத்துவர்கள் விரும்புகிறார்கள். வளர்ந்து முடியாத அடுக்குகளில் தழும்பு விழுந்தால் போகாது. கத்துகிற பழக்கம் போகாவிட்டால் முடிச்சும் திரும்ப வரும்.

பயிற்சி பற்றி மிகக் கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வு ஹார்ட்னிக் குழுவினருடையது, 2018இல் வெளியானது. முடிச்சு உள்ள 6 முதல் 10 வயது வரையிலான 114 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் குரலை எழுப்பும் முறையையே நேரடியாகப் பழக்கினார்கள். மற்றதற்குக் கத்தாமல் இருப்பது, தண்ணீர் குடிப்பது போன்ற குரல் பராமரிப்பைச் சொல்லிக்கொடுத்தார்கள். அளவுகோலாக வைத்தது வாழ்க்கைத் தர மதிப்பெண். இரண்டு பிரிவும் முன்னேறின. இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதை எப்படிப் படிப்பது? எந்தப் பயிற்சியும் பலன் தரும் என்று ஒரு சாரார் படிக்கலாம். எதுவுமே செய்யாத மூன்றாம் பிரிவு இல்லாததால், இருவரும் காலத்தால்தான் தேறினார்கள் என்று சாண்டரின் சீடர் ஒருவர் படிக்கலாம். இரண்டையும் மறுக்க அந்த ஆய்விலேயே வழியில்லை. ஒருவர் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டதே பிள்ளைக்கு மருந்தாக இருந்திருக்கவும் கூடும். ஏழை நாட்டுக்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு: எளிய, செலவு குறைந்த பயிற்சி சோடையில்லை.

பதின்பருவத்தில் நிலைமை வேறு. குரல் உடைய வேண்டிய வயதில் உடையாமல் மேல் ஸ்தாயியிலேயே நிற்கும் பையனுக்குக் குரல்வளையில் பழுது எதுவும் இருக்காது. ஆனால் கேலிக்கு அவனைவிட எளிய இலக்கு கிடையாது. போனில் பேசினால் 'அம்மா' என்று விளிக்கப்படுவான். தகுந்த பயிற்சியில் பெரும்பாலும் சில அமர்வுகளிலேயே குரல் இறங்கிவிடுகிறது. உறுப்பில் கோளாறு ஏறத்தாழப் பூஜ்யம், வாழ்க்கையில் பாதிப்பு மிக அதிகம், சிகிச்சைக்கு உடனடிப் பலன். சாண்டரின் பொதுவாதம் சற்றும் பொருந்தாத இடம் இது.

மருக்களைப் பொறுத்தவரை விடை தடுப்பூசியில் இருக்கிறது. பாப்பிலோமா வைரஸ் தடுப்பூசியைப் பரவலாகப் போட்ட ஆஸ்திரேலியாவில் சிறார் குரல்வளை மரு நோய் வெகுவாகக் குறைந்ததை 2018இல் வெளியான கணக்கு காட்டியது. இந்தியாவில் தயாராகும் செர்வாவேக் ஊசியும் 6, 11 ஆம் வகைகளைத் தடுக்கும் நான்குவகை ஊசிதான். கருப்பை வாய்ப் புற்றுக்கான ஊசி என்றே பேசப்படும் ஒன்று, பிறக்கப்போகும் பிள்ளைகளின் குரலையும் காக்கக்கூடும்.

தீராமல் நிற்பவை

இதுவரை வந்த சான்றுகளை எடைபோட்டால் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். குரல் கம்மிய பிள்ளைகளில் ஒரு பகுதியினர் உடலாலும் மனத்தாலும் பழக்கவழக்கத்தாலும் இழப்பை உணர்கிறார்கள். அந்த இழப்பு கம்மலின் அளவை அப்படியே பின்பற்றுவதில்லை. பையன்கள் பெரும்பாலும் தேறிவிடுகிறார்கள். பெண்களைப் பற்றி அந்த நம்பிக்கை கொள்ள முடியாது.

உறுதியாகச் சொல்ல முடியாதவை அதைவிடப் பெரியவை. எந்தப் பிள்ளைக்கு இழப்பு, எந்தப் பிள்ளைக்கு இல்லை என்று முன்கூட்டியே பிரித்தறிய வழி இல்லை. குரலால் பிள்ளை ஒதுங்குகிறதா, கத்திப் பேசும் சுபாவத்தால் குரல் கெடுகிறதா என்ற காரண காரியச் சிக்கல் தீரவில்லை. முடிச்சு விழுகிற பிள்ளைகளில் பலர் வாயாடிகள் என்பது அதை இன்னும் குழப்புகிறது. ஸூரின் படிவம் பிள்ளை எவ்வளவு பேசும் என்பதையும் தனியாக ஏழு படிகளில் கேட்பது அதனால்தான். பள்ளி மதிப்பெண்ணில் பாதிப்பு உண்டா என்பது திறந்தே கிடக்கிறது. இரைச்சலான நகரத்தில் பிள்ளையின் பாதிப்பிலிருந்து சுற்றுப்புறத்தின் பாதிப்பைக் கழித்துப் பார்க்கும் முறையும் இன்னும் உருவாகவில்லை.

கொல்கத்தாவில் வங்காளம், இந்தி, உருது பேசும் பிள்ளைகளை மருத்துவமனையில் அல்ல, பள்ளியில் வைத்து, அவர்கள் வாயாலேயே கேட்டு எடுக்கும் கணக்கு ஒன்றுதான் இந்த விவாதத்தை நகர்த்தும். அதில் மேடையும் பாட்டு வகுப்பும் மைதானமும் கேள்விகளாக இடம்பெற வேண்டும். அதுவரை செய்யக்கூடியது சின்ன விஷயம். பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழு காதைச் சோதிக்கிற அதே நிமிடத்தில், பிள்ளையைத் தன் பெயரையும் பத்து வரை எண்ணையும் சொல்லச் சொல்லிக் கேட்கட்டும். குரல் கம்மியிருந்தால் எத்தனை நாளாக என்று விசாரிக்கட்டும். சில வாரங்களுக்கு மேல் நீடிக்கிற கம்மலையும், மூச்சிரைப்போடு வருகிற கம்மலையும் தொண்டை மருத்துவர் ஒரு தடவையாவது நுண்குழாய் வைத்துப் பார்க்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. திட்டத்தின் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.